தழை மூடிய குழி

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் உரக்கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பட்டறை, லாரி ஷெட், ஆட்டோ ஸ்டாண்டு, கம்பெனி வாசல் எல்லாவற்றிலும் கட்டிய வாழைக்கன்றுகளும், வாடிப்போன மாவிலைத் தோரணங்களும், நடுத்தெருவில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய்களும் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரயில் தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடந்த அந்த நகராட்சிக் கிடங்கில், இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் திருமலை.

திருமலை தெருக் கூட்டும் வேலையில் சேர்ந்து மேஸ்திரியானவர். அவருக்குக் கீழே தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். குப்பையில் வரும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுப்பது, குவியலைப் புரட்டிப் போடுவது, மக்கிய உரத்தைச் சலித்து மூட்டை கட்டுவது அவர்கள் வேலை. திருமலை அதட்டுவார், ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் அரை நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கூலியை முழுதாக எழுதிவிடுவார். அதனால் அவர் சொல்லுக்கு அங்கே மறு பேச்சு கிடையாது.

குவியல்களிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீரைத் தேக்குவதற்காகக் கிழக்கு மூலையில் ஆள் மட்டத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தார்கள். சிமெண்ட் பூச்சு இல்லை, சுற்றுச்சுவரும் இல்லை. போன முறை சோதனைக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு அலுவலக இன்ஜினியர் ஜீனத், உடனே சுவர் கட்டி வேலி போட வேண்டும் என்று எழுதிக் கொடுக்காத குறையாகக் கண்டித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்கான எஸ்டிமேட் நகராட்சியில் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. குழி அப்படியே இருந்தது. வாழைத்தண்டு வந்து குவிந்ததும் தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஏறிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் சுகாதார ஆய்வாளர் ரகுபதி ஸ்கூட்டரை நிறுத்திய வேகத்திலேயே விஷயம் சரியில்லை என்று திருமலைக்குத் தெரிந்துபோயிற்று.

"யோவ் திருமலை, நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்‌ஷன். அதே அம்மாதான் வர்றாங்க. குழியப் பார்த்தாங்கன்னா கிடங்கையே மூடச் சொல்லி நோட்டீஸ் குடுப்பாங்க."

"ஒரு நாள்ல செவுரு எழுப்ப முடியுமா சார்?"

"சுவரு எழுப்பச் சொல்லலய்யா. குழி கண்ணுல படாம பண்ணு. மேல கட்டையப் போட்டுத் தழையால மூடு. மண்ணு கொட்டி மூடியாச்சுன்னு சொல்லிக்கலாம்."

திருமலை தலையைச் சொறிந்தார். ரகுபதி குரலைத் தாழ்த்தினார்.

"கிடங்க மூடினா உன்னோட பொம்பளைங்க அத்தனை பேரும் நாளன்னையிலேருந்து வீட்டுல உக்கார வேண்டியதுதான். அப்புறம் உன் இஷ்டம்."

அந்தப் பேச்சு திருமலையைச் சாய்த்துவிட்டது. நாம் என்ன நமக்காகவா செய்கிறோம், நாலு குடும்பம் பிழைக்கத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். டிராக்டர் ஓட்டும் லூர்து சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். கட்டைகளைக் குறுக்கே பரப்பி, கிழிந்த தார்ப்பாயை விரித்து, அதன்மேல் வாழைச் சருகையும் வேப்பந்தழையையும் வாரி இறைத்தார்கள். வேலை முடிந்து பார்த்தபோது குழி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"மாமு, யார்னா கால வச்சா இன்னா ஆவுறது?" என்றான் லூர்து.

"ஒரு நாளு தாண்டா. அந்தம்மா ஜீப்பு ஏறினதும் பிரிச்சுட்லாம்."

பெண்களைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று எச்சரித்தார். சொக்கம்மாள் மட்டும் அன்று வரவில்லை. வியாசர்பாடியில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று போயிருந்தாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் புதுக் கையுறையும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். சொக்கம்மாள் பஸ் பிடித்து வந்து சேரவும் வாசலில் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. "அக்கா, பூட்ஸ மாட்டிக்கினு சல்லடைகிட்ட போய் நில்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருமலை வாசலுக்கு ஓடினார்.

ஜீனத் அதிகம் பேசுகிறவர் இல்லை. நீளமான வெப்பமானியைக் குவியலுக்குள் சொருகிப் பார்த்தார். சலித்த உரத்தைக் கையில் அள்ளி முகர்ந்தார். அதிலிருந்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்து ரகுபதியிடம் பேசாமல் நீட்டினார். சல்லடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

"அந்த மூலையில ஒரு குழி இருந்துச்சே?"

"மண்ணு கொட்டி மூடிட்டோம் மேடம். தண்ணிய இப்ப டேங்கர்ல எடுத்துடறோம்" என்றார் ரகுபதி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

ஜீனத் திருமலையின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தினமும் இங்க இருக்கீங்க. மூடியாச்சா?"

ரகுபதியின் பார்வை முதுகில் குத்தியது.

"ஆமா மேடம்."

பின்னால் சல்லடைச் சத்தம் நின்றது. "அப்பாடா, ஒரு பேஜாரு வுட்டுது" என்று சொக்கம்மாள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டது திருமலையின் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, மனசில் ஏறவில்லை. அவர் மனசு முழுக்க அந்த அதிகாரியின் முகத்தில்தான் இருந்தது.

"டீ வந்துடுச்சு மேடம், ஷெட்டுக்குப் போகலாம்" என்றார் ரகுபதி.

"சரி. குடிச்சிட்டு அந்த இடத்தையும் ஒரு பார்வை பார்த்துடலாம்."

அதைக் கேட்டதும் திருமலையின் கண் கிழக்கு மூலைக்குப் போயிற்று. இந்த அம்மா நடந்து போய்க் காலை வைத்துவிட்டால்? எப்படித் தடுப்பது? ஷெட்டு வாசலில் நின்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிழக்கு மூலையில் கட்டை முறிகிற சத்தமும், கூடவே ஒரு அலறலும் கேட்டது.

அந்த மூலைக்கு அப்பால் இருக்கும் பூவரச மரத்தில்தான் பெண்கள் தண்ணீர்ப் பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் மாட்டி வைப்பார்கள். வழக்கமாகக் குழியைச் சுற்றித்தான் போவார்கள். குழிதான் மூடியாயிற்றே என்று சொக்கம்மாள் நேராகக் குறுக்கே நடந்துவிட்டாள்.

திருமலை ஓடிப்போய் அப்படியே குதித்தார். கறுப்புத் தண்ணீர் கழுத்து வரைக்கும் இருந்தது. நாற்றத்தில் கண் எரிந்தது. தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவி, புடவை அகப்பட்டதும் பிடித்து இழுத்தார். லூர்து கயிறு வீசினான். மேலே கொண்டுவந்து போட்டபோது சொக்கம்மாள் கறுப்புத் தண்ணீராகக் கக்கினாள். முறிந்த கட்டை அவளுடைய கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. கால் எலும்பு கோணலாகத் திரும்பியிருந்தது.

ஜீனத் தன் ஜீப்பிலேயே ஏற்றச் சொன்னார். ஜீப் கிளம்புகிற நேரத்தில் குழியையும் திருமலையையும் மாறி மாறி ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

சாயந்திரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ரகுபதி காத்திருந்தார். "பாரு திருமலை, குழியில வேலை நடக்குதுன்னு மூடி வச்சிருந்தோம். நீ எல்லாரையும் எச்சரிச்ச. அவதான் கவனமில்லாம போய் விழுந்துட்டா. விசாரணையில இத மட்டும் சொல்லு. இல்லன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

திருமலை அவரைத் தாண்டி உள்ளே போனார். சொக்கம்மாள் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுத்துக்கக்கா, படுத்துக்க."

"பேத்தி பொறந்துகீது மேஸ்திரி. உன்னாண்ட காலைலயே சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள ஜீப்பு வந்துச்சு."

திருமலை தலையைக் குனிந்துகொண்டார். "மூடலன்னு உனுக்குத் தெரியாதாக்கா? அந்த சாரு சொன்னத நம்பிட்டியா?"

சொக்கம்மாளின் குரலில் கோபம் இல்லை.

"அவரு சொன்னப்ப நா நம்பல. அவரு தெனம் எத்தினியோ சொல்லுவாரு. அப்பால உன்னைக் கேட்டாங்க. நீ ஆமான்ன. அதான் அந்த வழியா போனேன்."

திருமலைக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

விசாரணை நகராட்சி அலுவலக மாடியில் நடந்தது. ரகுபதி எழுதிக் கொடுத்திருந்ததை ஆணையர் படித்துவிட்டு, "அந்தப் பெண்ணை நீங்க எச்சரிச்சீங்களா?" என்று கேட்டார். ஜீனத்தும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"இல்ல சார்" என்றார் திருமலை. "குழிய மூடல. மறைச்சோம். கட்டையப் போட்டது நாந்தான். மூடியாச்சுன்னு சொக்கம்மா காது கேக்க சொன்னதும் நாந்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"யாரு மறைக்கச் சொன்னாங்க?"

திருமலை ரகுபதியைப் பார்த்தார். "சாரு சொன்னாரு. ஆனா செஞ்சது என் கைதான் சார். கிடங்க மூடிட்டா இவங்களுக்குச் சோறு கிடைக்காதேன்னு பயந்தேன்."

ஜீனத் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கிடங்கை மூடணும்னு யாருங்க சொன்னா? குழிக்கு வேலி இன்னும் போடலைன்னு தெரிஞ்சா, வேலி போடறவரைக்கும் குப்பைய வேற எடத்துல கொட்டச் சொல்லுவோம். எங்க கண்ணுல படாம பண்ணிட்டா நாங்க எதைத்தான் சரிபண்ணச் சொல்றது?"

இரண்டு பேரும் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ரகுபதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். திருமலை சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார், மேஸ்திரியாக அல்ல, பழையபடி தொழிலாளியாக. கிடங்கு மூடப்படவில்லை. சுவர் வேலை நடந்த நாள்களில் பெண்களைத் தெருக் கூட்ட அனுப்பினார்கள். மேசைக்கு மேசை நகர்ந்த எஸ்டிமேட் ஒரே வாரத்தில் கையெழுத்தாகி, குழிக்குச் சிமெண்ட் பூச்சும் இடுப்புயரச் சுவரும் வந்துவிட்டன. சொக்கம்மாளின் வைத்தியச் செலவை நகராட்சி ஏற்றுக்கொண்டது. கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. இப்போது சற்று இழுத்துத்தான் நடக்கிறாள்.

அடுத்த சோதனைக்கு முந்தைய நாள், புதிதாக வந்த ஆய்வாளர் கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். வடக்கே இருந்த குவியல் ஒன்று அளவுக்கு மேல் உயர்ந்து, உள்ளே சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது. "இதுமேல கொஞ்சம் பச்சைத் தழையப் போட்டு மூடிடுங்கப்பா. அவங்க போனதும் பார்த்துக்கலாம்" என்றார்.

மண்வெட்டியோடு நின்ற திருமலை நகரவில்லை.

"வேணாம் சார். ஆபீசரு வருசத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போயிடுவாங்க. தெனம் இதுமேல நடக்கிறது நாங்க. அவங்க கண்ண மறைக்க மூடி வைக்கிற எடத்துல மொதல்ல வுழறது நம்மாளுதான் சார். இருக்கிறத இருக்கிற மாதிரி காட்டுவோம். கிடைக்கிற திட்டு நம்ம ஜனத்தோட காலவிட பெருசு இல்ல."

ஆய்வாளர் லூர்துவைக் கூப்பிட்டுத் தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்பினார். திருமலையும் மற்றவர்களும் குவியலைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.