தொடையில் எடுத்த தோல்

"நீ தள்ளு. நான் மாத்துறேன்."

நர்ஸ் கொண்டுவந்த தட்டை மகள் வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அம்மா இறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தம்பி வண்டி பேசப் போயிருந்தான். வீட்டுக்கு எடுத்துப்போகும் முன் கால் கட்டையும் தொடைக் கட்டையும் மாற்றிவிடலாம் என்று நர்ஸ் சொன்னது மகளிடம் அல்ல, மருமகளிடம். இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அதே பழக்கம்.

"அண்ணி, நீங்க அந்தப் புண்ணைப் பாத்ததே இல்ல. மனசு கஷ்டமாயிடும்."

"என் அம்மா கால்தானே? உன் அம்மா காலா?"

தம்பி பெண்டாட்டி ஒதுங்கி நின்றாள். அந்தப் பணிவும் மகளுக்கு எரிச்சலாக இருந்தது.

சலவைக் கடையில் காலமெல்லாம் நின்றபடியே இஸ்திரி போட்டவள் அம்மா. கணுக்காலுக்கு மேலே வந்த புண் வருஷக்கணக்கில் ஆறவே இல்லை. மகள் வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். "உனக்கெதுக்குடி இந்த நாத்தம்? அவ பாத்துப்பா." அவ, அவ, அவ. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அம்மாவின் தசை மருமகளைக் கண்டால்தான் ஆடியது. டாக்டர் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்த இரண்டு தடவையும் மயக்கம் தெளிந்ததும் அவளைத்தான் தேடினாள். போன வாரம் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவிப் புண்மேல் வைத்தார்கள். அன்றைக்கும் அப்படித்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மகள், பார்க்க வந்த விருந்தாளி மாதிரி நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு தடவை அந்தப் புண்ணைத் தன் கையால் துடைத்துக் கட்ட வேண்டும். அம்மாவுக்குத் தன்னால் ஆனது ஒன்றாவது இருக்க வேண்டும். வேண்டாமென்று சொல்ல இனி அம்மாவும் இல்லை.

புதுத் தோல் பிடித்ததா என்று நாளைக்குத்தான் பிரித்துப் பார்ப்பதாக இருந்தது. நெஞ்சுவலி முந்திக்கொண்டது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு கால் கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசித் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து மெல்ல உரித்தாள்.

நாற்றம் இல்லை. சீழ் இல்லை. இளஞ்சிவப்பாக ஒரு தோல், ஓரம்வரை ஒட்டியிருந்தது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஒட்டிக்கிச்சு அண்ணி! ஐயோ, அத்தைக்குத் தெரியாமயே போயிடுச்சே." அதுவரை அழாதவள் சுவரில் சாய்ந்து தேம்ப ஆரம்பித்தாள்.

மகளுக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஆறிய புண்ணும் அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தனக்கென்று துடைக்க ஒன்றுமே மிச்சமில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தொடை இருக்கு அண்ணி. தோல் எடுத்த இடம். அதுதான் நனைஞ்சிருக்கு. அத நான் தொட்டதே இல்ல, நர்ஸுங்கதான் பாத்தாங்க. நீங்க கட்டுங்க."

பச்சை ரணமாக இருந்தது. மகள் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், துணி வைத்தாள், பட்டையைச் சுற்றினாள். முடிச்சை இறுக்கிவிட்டாள்.

"கொஞ்சம் தளர்த்துங்க அண்ணி. அத்தைக்கு வலிக்கும்."

மகள் வெடுக்கென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, முடிச்சை அவிழ்த்து, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விட்டு மறுபடியும் கட்டினாள்.