அஞ்சுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில்

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையை மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டிய அன்றுதான் பெரிய மருமகளுக்கு வயிறு எரியத் தொடங்கியது.

"எங்க சின்னவ தானாவே செய்யறா. கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் குடுத்தா மெஷினே மரத்துல செதுக்கிடுமாம்" என்றார் மாமியார்.

மெஷின் அதுவரை ஓர் எழுத்தைக்கூடச் செதுக்கியிருக்கவில்லை. சின்ன மருமகளுக்கு மருந்துக்கடையில் வேலை. பொழுதுபோக்காக இந்த சிஎன்சி மெஷினைச் சொந்தமாகச் செய்வதில் இறங்கியிருந்தாள். மூடிப்போன ஆலை ஒன்றிலிருந்து கழற்றி விற்ற மோட்டார்களையும், அவற்றை ஓட்டும் டிரைவ் பெட்டிகளையும் தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள்.

பெரியவளோ பன்னிரண்டு வருஷமாகத் தொழிற்சாலையில் பேனல் வயரிங் செய்கிறவள். ஆள் உயர இரும்புப் பெட்டிக்குள் நானூறு வயரை ஒன்றுகூடப் பிசகாமல் இழுத்துக் கட்டுவாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "வேலைக்குப் போயிட்டு வர்றா", அவ்வளவுதான்.

மோட்டார்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சமயம் திடுக்கென்று துள்ளும், மறுசமயம் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிடும். சின்னவள் வயரை மாற்றினாள், கம்ப்யூட்டரை மாற்றினாள், தலையைப் பிய்த்துக்கொண்டாள். துவைத்த துணியோடு அந்த வழியாகப் போன பெரியவளுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துபோயிற்று. கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கி அனுப்பும் கண்ட்ரோல் போர்டு கொடுப்பது அஞ்சு வோல்ட் சிக்னல். ஆலைக்காகச் செய்த அந்த டிரைவ் எதிர்பார்ப்பது இருபத்துநாலு. நடுவில் மாற்றிக் கொடுக்க ஒன்றுமில்லை.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

"நீ கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றான் அவள் புருஷன்.

"அவதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. அவளே பாத்துக்கட்டும்."

ஒன்பது நாள் ஓடியது. சின்னவள் சோர்ந்த முகத்தோடு சாப்பிட உட்காரும்போதெல்லாம் பெரியவளுக்கு இன்னொரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவளின் குரல் கூடம் வரை கேட்டது. "கண்டுபிடிச்சிட்டேன்! டிரைவுக்கு இருபத்துநாலு வேணுமாம், புக்குல போட்டிருக்கு."

பெரியவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு அந்த அறை வாசலில் போய் நின்றாள். போர்டுக்கு அஞ்சு வோல்ட் போகிற இடத்திலேயே இருபத்துநாலைக் கொடுத்துவிட்டால், வெளியே வருவதும் இருபத்துநாலாகிவிடும் என்று சின்னவள் கணக்குப் போட்டிருந்தாள். வயரை முறுக்கித் திருகிவிட்டு ஸ்விட்சின் மேல் விரலை வைத்தாள். "வேணாம்" என்ற ஒரு சொல் போதும். பெரியவளின் நாக்கு எழவில்லை.

டப்பென்று சின்னச் சத்தம். போர்டிலிருந்து நூலளவு புகை எழுந்தது, அறையெல்லாம் தீய்ந்த வாடை.

சின்னவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து கருகிய போர்டை மடியில் வைத்துக்கொண்டாள். "அவசரப்பட்டுட்டேன்க்கா" என்றாள், ஏதோ பெரியவளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் போல.

இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தோமா என்று பெரியவளுக்குத் தன்மேலேயே கூச்சமாக இருந்தது. பேசாமல் போயிருக்கலாம். முடியவில்லை.

"எனக்குத் தெரியும். வெடிக்கும்னு தெரிஞ்சுதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். "மோட்டார் ஏன் ஓடலைங்கிறதும்?"

"அது ஒம்பது நாளாத் தெரியும்."

"ஏன்க்கா சொல்லல?"

"எல்லாரும் உன்னையே பாத்தாங்க. என்னால தாங்க முடியல."

சின்னவள் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாலு நாள் இருவருக்கும் பேச்சில்லை. மாமியார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நாலு நாளும் வேலை முடிந்து வந்ததும் பெரியவள் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்தாள். அஞ்சு வோல்ட்டை வாங்கி இருபத்துநாலாகத் தரும் சின்ன சர்க்யூட் பலகை ஒன்றைச் செய்தாள். நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரும் சிக்னல் துடிப்புகளில் ஒன்றையும் தவறவிடாத வேகமான பாகங்களாகப் பார்த்துப் போட்டாள். முடித்ததும் சின்னவளின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

புதிய கண்ட்ரோல் போர்டு வந்த அன்று சாயங்காலம் சின்னவளே கூப்பிட்டாள்.

"எல்லா வயரையும் மாட்டிட்டேன். வந்து பாருங்க. தப்பா இருந்தா இந்தத் தடவையாவது வாயத் தொறங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாங்கிக்கொள்ள வேண்டிய குத்துதான். குனிந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்து, இடம் மாறியிருந்த ஒன்றை மாற்றினாள். "இப்பப் போடு."

மோட்டார் வழுக்கிக்கொண்டு ஓடியது. மரத்தூள் பறக்க முதல் எழுத்து விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த மாமியார், "நான்தான் சொன்னேனே, எங்க சின்னவ செஞ்சிடுவான்னு" என்றார். பெரியவளுக்குள் பழைய நெருப்பு மறுபடி கனன்றது.

"அக்கா செஞ்ச பலகை இல்லன்னா இது ஓடியிருக்காது அத்தை" என்றாள் சின்னவள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"இத்தனூண்டு பலகையா? என்ன பண்ணுது இது?"

அந்த வீட்டில் பெரியவளின் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு மாமியாரை உட்காரவைத்தாள்.

"அந்த போர்டு முணுமுணுன்னு பேசுது அத்தை. இந்த டிரைவுக்குக் காது மந்தம். நடுவுல நின்னு இது உரக்கச் சொல்லுது."

மாமியாருக்குப் பாதிதான் புரிந்தது. மேலும் இரண்டு கேள்வி கேட்டார். சின்னவள் மெஷினை நிறுத்திவிட்டு அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள்.