பாலிஷ் இலவசம்

பார்சலைப் பிரித்ததும் கடிகாரத்தின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்மூடியைத்தான் பார்த்தேன். அதில் என் மூக்குதான் தெரிந்தது. அவ்வளவு பளபளப்பு. ஒரு கீறல் கிடையாது. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு, 'பாலிஷ் இலவசம்' என்று. அதைக் கசக்கி எறிந்தேன்.

அப்பாவின் கடிகாரமும் இதே ரகம்தான். சாவி கொடுத்து ஓட்டுவது, வெள்ளை முகம் மஞ்சளாகிப் போனது. அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது அதன் பின்மூடியில் காம்பஸ் முள்ளால் ஒரு வீடு வரைந்துவிட்டாள். கூரை கோணல், கதவு கூரையைவிடப் பெரிது. கடிகாரத்தைத் தொட்டாலே முறைக்கிற அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் அதை அழிக்க விடவில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான், அதனால் கடிகாரம் அவளுக்குப் போனதும் நியாயம்தான். எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஆள் வராத நேரத்தில் பழைய கடிகாரம் விற்கிற ஓர் இணையக் கடையை மேய்வேன். அதில் ஒருநாள் இதே கடிகாரம் வந்தது. பின்பக்கத்தைச் சாய்த்து எடுத்த படம் ஒன்று. வெளிச்சம் அடித்ததில் பாதிதான் தெரிந்தது: ஒரு கோணல் கோடு, அதற்குக் கீழே கட்டம் மாதிரி ஏதோ. கூரையாகவும் இருக்கலாம், வெறும் கீறலாகவும் இருக்கலாம். நாள் முழுக்க மற்றவர்களை உட்கார வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கிறவன் நான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

அது கூரைதான் என்றால் அக்கா விற்றிருக்கிறாள். அதையே விற்றாள் என்றால், விற்பதற்கு வேறெதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். அவளுடைய தையல் கடைக்கு எதிரே பெரிய ரெடிமேட் கடை வந்ததிலிருந்து, எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் போகுது" என்பாள். நேரே கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் ஃபோனை எடுத்தேன். "அந்தக் கடிகாரம் வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு யாரோ சாவி குடுத்துட்டாங்க" என்றாள் மனைவி.

கடைக்காரனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது எங்கள் அப்பாவுடையதாக இருக்கலாம் என்று சொன்னால் விலையை ஏற்றிவிடுவானே. நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே. "பின்னாடி ஏதோ கீறல் மாதிரி தெரியுதே, என்னன்னு பாருங்க" என்று மட்டும் எழுதினேன். "பாத்துக்கறோம் சார்" என்று பதில் வந்தது. வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பதற்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன்.

இப்போது கடைக்காரனைக் கூப்பிட்டேன்.

"சார், கீறல் இருக்குன்னு நீங்கதானே கேட்டீங்க?"

"என்ன கீறல்னு கேட்டேன். எடுங்கன்னு சொன்னேனா?"

"கீறலைப் பத்திக் கேக்கறவங்க எல்லாம் அது வேணாம்னுதான் சார் கேப்பாங்க. தனியாக் காசுகூட வாங்கலையே."

"அது எப்படி இருந்துச்சு? வீடு மாதிரியா?"

"சார், நீங்க வாட்ச் வாங்கினீங்களா, வீடு வாங்கினீங்களா?"

உங்களுக்கு யார் விற்றது என்று கேட்டேன். அதைச் சொல்கிற பழக்கம் இல்லையாம். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மிரட்டிப் பார்த்தேன். பாலிஷ் போட்ட சரக்கைத் திரும்ப வாங்கமாட்டார்களாம். ஃபோனை வைத்துவிட்டுச் சாவி கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. விளம்பரத்தில் 'அருமையாக ஓடும்' என்று போட்டிருந்தான்.

அன்று சாயங்காலமே அதைக் கையில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். அவள் ஒரு பேண்ட்டின் கால்மடிப்பைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். காபி போடட்டுமா என்று எழுந்தவள் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். வாரை அவளே அவிழ்த்தாள். அவளும் முகத்தைப் பார்க்கவில்லை. திருப்பி, பின்மூடியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"ஏதுடா இது?"

"ஆன்லைன்ல வாங்கினேன்க்கா. அப்பாவோடது மாதிரியே இருந்துச்சு."

"மாதிரிதான். அப்பாவோடதுல நான் வரைஞ்ச வீடு இருக்கும்."

"அது எங்க இப்ப?"

"பீரோலதான். எங்க போகப்போகுது?" என்று மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரன்மேல், இவள்மேல், எல்லாவற்றையும்விட என் கெட்டிக்காரத்தனத்தின்மேல். அந்தக் கோணல் வீடு மட்டும் இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையில் வைத்துவிட்டு வந்திருப்பேன். அவளும் மறுத்திருக்க முடியாது. எடுத்துக்கொண்டு வா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எழுந்து உள்ளே போவாள். வெறும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு என் அக்கா என்ன செய்வாள்? வாயை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு குடுத்த?" என்று பேச்சுக்குக் கேட்பதைப் போலக் கேட்டாள்.

சொன்னேன்.

"எந்தக் கடைல?"

அதையும் சொன்னேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் காதுதான் முதலில் சிவக்கும். இரண்டு காதும் சிவந்தன. "அவ்வளவா வாங்கினான்?" என்றாள். "கிறுக்கி வச்ச கடிகாரத்தை யாரும்மா வாங்குவாங்கன்னு சொல்லி, எனக்கு அதுல கால்வாசிகூடக் குடுக்கலடா அந்தப் படுபாவி."

என்ன சொல்லிவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மடியில் கிடந்த யாருடைய பேண்ட்டையோ எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.