மறுப்புக் கடிதம்

சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் பேப்பரை எறிந்தான் ஜீவரெத்தினம். குழம்பு தெறித்து வதனியின் கையில் பட்டது.

"ஊர்ப் பேரப் போட்டு எழுதியிரிக்காய். சந்தியில நிண்டு வாசிச்சுச் சிரிக்கானுகள். ஒனக்கென்ன விசரா?"

வதனி கையைத் துடைத்தாள். பெண்கள் வாக்களிக்க வேண்டுமென்று அவள் பேப்பருக்கு எழுதுவது புதிதல்ல. முந்திய கடிதங்களைப் படம் பிடித்துக் கத்தாரிலிருக்கும் தம்பிக்கு அனுப்பியவனே இந்தப் புருசன்தான். கடமை, உரிமை, நாட்டின் எதிர்காலம் என்று எழுதும்வரை அவள் கெட்டிக்காரி. இந்த முறை வவுணதீவுப் பக்கத்துத் தன் சொந்த ஊரை எழுதிவிட்டாள். தேர்தல் நாளில் பெண்களின் அடையாள அட்டைகளை ஆண்கள் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதை எழுதினாள். சொன்ன ஆளுக்குப் போடுவேன் என்று தலையாட்டுகிறவளை மட்டும் உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிப் போவதையும், மற்றவள் சோறு காய்ச்சிக்கொண்டு வீட்டில் கிடப்பதையும் எழுதினாள். 'தங்கச்சிமாரே, உங்கள் அட்டையை நீங்களே வைத்திருங்கள்' என்று முடித்திருந்தாள்.

"நான் பொய்யா எழுதியிரிக்கன்?"

"உண்மையெண்டா ஊரெல்லாம் சொல்றதா?"

பொழுதுபட, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் கமக்காரர் சங்கத்தின் தலைவர் கோணாமலை வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மடித்த தாளொன்றை நீட்டினார்.

"கோவிக்க வரல்ல புள்ள. மறுப்பு ஒண்டு எழுதிக் கொண்டந்திரிக்கன். நீ ஒப்பத்த மட்டும் வை."

வதனி உரத்தே வாசித்தாள். 'எமது கிராமத்தில் பெண்கள் பூரண சுதந்திரத்துடன் வாக்களித்து வருகின்றனர்.'

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "தலைவர், இரத்தினம்மாக்கா கடைசியா எப்ப வோட்டுப் போட்டவ?"

இரத்தினம்மா கோணாமலையின் மனைவி. அவர் முகம் கறுத்தது.

"அவவுக்கென்னத்துக்கு அரசியல்? அவவுக்கும் சேத்துத்தானே நான் போடுறன்."

"இதையும் எழுதலாமா?"

"வாயப் பொத்து!" என்று பாய்ந்தான் ஜீவரெத்தினம்.

கோணாமலை எழும்பினார். "சிறுபோகத் தண்ணி என்ட கையில இரிக்கி, தம்பி. பொஞ்சாதிக்கு எடுத்துச் சொல்லு."

அடுத்த நாளே வதனி பேப்பருக்கு மறுப்பு அனுப்பினாள். அவர் எழுதியதையல்ல, தான் எழுதியதை. ஞாயிற்றுக்கிழமை அது வந்தது.

'என் சென்ற கடிதத்துக்கு மறுப்பு எழுதும்படி எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவரே எழுதியும் கொண்டுவந்தார். பெண்கள் சுதந்திரமாக வாக்களிப்பதாக அதில் இருந்தது. உங்கள் மனைவி எப்போது வாக்களித்தார் என்று கேட்டேன். அவவுக்கும் சேர்த்துத்தானே நான் போடுகிறேன் என்றார். அவர் சொன்னதை அப்படியே தந்திருக்கிறேன். மறுக்க ஏதும் இருந்தால் அவர் பெயரிலேயே மறுக்கட்டும்.'

கோணாமலை மறுக்கவில்லை. வாய்க்காலை அடைத்தார். பக்கத்து வரம்புகளுக்கெல்லாம் தண்ணீர் பாய, இவர்களுடைய வயல் மட்டும் காய்ந்து வெடித்தது. ஜீவரெத்தினம் கமக்காரர் சங்கத்துக்கு நடையாய் நடந்தான். வதனியோடு பேச்சை நிறுத்தினான்.

வோட்டு நாள் காலை அவள் அலுமாரியைத் திறந்து, அவனுடைய பேர்சுக்குள்ளிருந்த தன் அட்டையை எடுத்தாள்.

"பயிரும் போச்சு, மானமும் போச்சு," என்றான் அவன், முற்றத்தைப் பார்த்தபடி.

"தண்ணிய நிப்பாட்டினது நானில்ல. நிப்பாட்டினவருக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க, என்னிலதான் கோவம் வருது. அவரிட்ட ஒரு நாளைக்குக் கோவப்பட்டுப் பாருங்க."



வெயிலேற முந்தி அவள் நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வரிசையில் வழமையான முகங்கள்தான் அதிகம். ஆனாலும் நெடுநாள் வராத சிலரும் அங்கே நின்றார்கள், ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. ஒருத்தி மட்டும் சீலைத் தலைப்பை ஒதுக்கி, கையிலிருந்த அட்டையைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டாள்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இரத்தினம்மா! வலது கையில் துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம்.

"என்னக்கா இது?"

"அட்டைய வெச்ச பெட்டிப் பூட்டக் கல்லால ஒடைச்சன். கையிலயும் பட்டிட்டு."

"தலைவர் கண்டா?"

"கண்டிட்டார். அங்க நிக்கார், பார்."

ஆண்கள் வரிசையில் கோணாமலை நின்றார். அத்தனை பேருக்கு முன்னால் அவரால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. வீட்டுக்குப் போன பிறகு செய்வார். அது இரத்தினம்மாவுக்கும் தெரியும், வதனிக்கும் தெரியும்.

வரிசை நகர்ந்தது. இரத்தினம்மா கிட்ட வந்து, அடித்தொண்டையில் கேட்டாள்.

"பேப்பருக்கு எழுதுறதெண்டா எந்த விலாசத்துக்குப் புள்ள போடணும்?"

வதனி சொன்னாள். இரத்தினம்மா வாய்க்குள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.