பெட்டிக்குள் அடைத்த கடல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான், அதற்கு அடுத்தபடியாக மனித அறிவின் வரலாற்றில் பொறிக்கப்படப்போகிற நாள் வருகிற வெள்ளிக்கிழமைதான் என்று பேராசிரியர் முனைவர் அறிவழகன் இரண்டு கைகளையும் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் டொக்கென்று அணைந்தது. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. பேராசிரியர் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்தது தேவிப்ரியா ஒருத்திதான். அவளும் காதை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை அணைந்த திரைமேல் வைத்திருந்தாள்.

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற ரோட்டில், சோளக்காட்டுக்கு நடுவே நிற்கிற அந்தக் கல்லூரியின் தாளாளர் செங்கோடன் போர்வெல் வண்டி முதலாளி. அவருடைய வண்டிகள் துளை போடாத மாநிலம் இந்தியாவில் குறைவு. சொந்த ஊர்ப் பக்கமும் குறை வைக்கவில்லை. அந்தக் கல்லூரியிலேயே நிலத்தடி நீர் ஆய்வுத் துறை என்று ஒன்று இருந்தது. மல்லசமுத்திரத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏன் கீழே போனது என்பது தேவிப்ரியாவின் ஆய்வு. ஐந்து வருடம் கிணறு கிணறாக அளவு நாடாவை இறக்கி எழுதியதில் தண்ணீர் போன வழி அவளுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. தாளாளரின் பெயர் போட்ட வண்டிகளும் அதே வழியாகத்தான் போயிருந்தன. இதை அவள் ஆய்வேட்டில் ரொம்பவும் மரியாதையான வார்த்தைகளில் எழுதியிருந்தாள். பேராசிரியர் இன்னும் அந்த அத்தியாயத்தைப் படிக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

பேராசிரியர் படிக்கிறவர் அல்ல, சேர்க்கிறவர். உலகத்தில் எந்த மூலையில் யார் தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதினாலும் அது எப்படியாவது அவரிடம் வந்துவிடும். வந்ததையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடுக்கி வைக்கிற ஒரு சாஃப்ட்வேரில் போட்டு, இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். மொத்தம் பன்னிரண்டாயிரம். அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் துறையின் கம்ப்யூட்டரில் இறக்கி, கொங்கு நாட்டின் மிகப்பெரிய ஆய்வு நூலகம் என்று பெயர் சூட்டி, வெள்ளிக்கிழமை தாளாளர் கையால் பட்டனைத் தட்டித் திறந்து வைப்பதாக ஏற்பாடு. இறக்குகிற வேலை தேவிப்ரியாவுடையது.

அதே வெள்ளிக்கிழமைதான் அவளுடைய ஆய்வுப் பதிவின் கடைசி நாள். ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனிமேல் கிடையாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவத்தில் நெறியாளர் கையெழுத்து இல்லாமல் போனால் பதிவு ரத்து, ஐந்து வருடக் கிணறுகளும் தூர்ந்த கணக்கு. படிவம் பேராசிரியரின் தோல்பையில் இருந்தது. தினமும் காலையில் கல்லூரிக்கு வந்தது, சாயங்காலம் வீட்டுக்குப் போனது. கேட்கும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"விழா முடியட்டும்மா. நூலகம் ஓடுச்சுன்னா அங்கியே கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஓடலீன்னா எனக்குக் கை எங்க ஓடும், நீயே சொல்லு."

கம்ப்யூட்டர், துறை தொடங்கிய வருடம் தாளாளர் அன்பளிப்பாகக் கொடுத்தது. ட்யூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர் வழக்கப்படி, பெட்டியின் முகப்பில் 'அன்பளிப்பு: செங்கோடன் போர்வெல்ஸ்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. இதே மாதிரி இரண்டு கொடுத்தார். ஒன்று சில வருடங்களுக்கு முன்பே செத்துப்போய், உள்ளே இருந்ததையெல்லாம் யார் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட, வெறும் பெட்டி மூலையில் கிடந்தது. துறைக்குள் ஒரு பூனை தாராளமாக நடமாடியதால், சாப்பாட்டு டப்பாவை அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பக்கத் தகட்டைச் சாத்திவிடுவது தேவிப்ரியாவின் வழக்கம். உயிரோடு இருந்த மற்றதில்தான் தாளாளர் பட்டனைத் தட்ட வேண்டும் என்பதில் பேராசிரியர் உறுதியாக இருந்தார். லேப்டாப் கொண்டு வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, லேப்டாப்பில் தாளாளர் பெயர் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

திங்கட்கிழமை அவள் உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் அணையவில்லை, சாஃப்ட்வேர்தான் விழுந்தது. இறக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்து, வட்டம் சுற்றி, தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் முதலிலிருந்து. மற்றவர்களானால் பேராசிரியரைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். தேவிப்ரியா பள்ளிபாளையத்துத் தறிக்காரர் மகள். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே பழகியிருந்தது. என்ன நடக்கிறது என்று கவனித்தாள். சாஃப்ட்வேர் ஒவ்வொரு கட்டுரையும் இறங்கியவுடனே அதைத் திறந்து, உள்ளே இருக்கிற வார்த்தைகளையெல்லாம் தேடுவதற்கு வசதியாகப் படித்து வைத்துக்கொள்ளப் பார்த்தது. பேராசிரியர் செய்யாத வேலையைக் கிழட்டுக் கம்ப்யூட்டர் செய்யப்போய், நினைவகம் நிறைந்து மூச்சுத் திணறியது. அந்தப் படிக்கிற வேலையை அணைத்து வைத்தாள். முதலில் தலைப்புகளை மட்டும் இறக்கினாள். பிறகு கட்டுரைகளைப் பிரிவு பிரிவாக. சாஃப்ட்வேர் விழுவது நின்றது.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. பன்னிரண்டாயிரத்தில் கிட்டத்தட்ட பாதி, மற்றப் பாதியின் நகல். ஒரே கட்டுரையை அவர் மெயிலில் வந்தபோது ஒருமுறை, பென்டிரைவில் வந்தபோது ஒருமுறை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருமுறை சேமித்து வைத்திருந்தார். நடுநடுவே அவர் தலைமை தாங்கிய விழாக்களின் அழைப்பிதழ்களும் இருந்தன. நகல்களை நீக்கிவிட்டால் சுமை பாதியாகும் என்று போய்ச் சொன்னாள். பேராசிரியர் முகம் மாறியது. நகலைப் பற்றிய வருத்தம் போலத் தெரியவில்லை.

"பேனர் அடிச்சாச்சேம்மா. நம்பர் பேனர்ல இருக்குது."

ஆக, பேனருக்காகப் பன்னிரண்டாயிரமும் இறங்கியே ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் புது வித்தை காட்டியது. சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பெட்டியே அணைந்துவிடும். ஏதோ ஒரு கட்டுரைதான் குற்றவாளி என்று நினைத்து, நூலகத்தை இரண்டாகப் பிரித்து முதல் பாதியை மட்டும் காலையில் ஓட்டினாள். ஓடியது. இரண்டாம் பாதியை மறுநாள் காலையில் ஓட்டினாள். அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்துச் சரிபார்க்க விட்டால் அணைந்தது. தனித்தனியாக இரண்டு பேரும் நல்லவர்கள், சேர்ந்தால் வீடு ரெண்டாகிறது. பெண் எடுத்த வீடுகளில் பார்த்ததுதான் என்றாலும் கட்டுரைகளுக்குள் இப்படி நடக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

துறை உதவியாளர் அம்மாசி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கண் பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் சுத்திப் போடலாம் என்றார். அவள் மறுபடி போட்டாள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் அணைந்தது. வெறுத்துப்போய் எழுந்து டீ குடித்துவிட்டு வந்து போட்டபோது வெகுநேரம் தாங்கியது. அவள் கை அப்படியே நின்றது. உடனே போட்டால் சீக்கிரம் சாகிறது. ஆறவிட்டுப் போட்டால் நீடிக்கிறது. குற்றம் எந்தக் கட்டுரையிலும் இல்லை. பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தோசைக்கல்.

பெட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்தாள். காற்றுப் போவதற்கு இருக்கிற ஓட்டைகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்த இடத்தில் சந்தனம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு பூச்சு, அதன்மேல் குங்குமம், அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு பூச்சு என்று கெட்டிப்பட்டு, சுவருக்குச் சிமெண்ட் பூசியது மாதிரி நின்றது. தகட்டைக் கழற்றினால் உள்ளே காற்றாடியில் விபூதி படிந்து, அச்சில் சாமந்திப் பூ கட்டிய நூல் சுற்றியிருந்தது.

"இது ஆரு அம்மாசிண்ணா இப்பிடி அப்புனது?"

"நாந்தானுங் அம்மிணி. வண்டிக்கெல்லாம் வைக்கற மாதிரிதான் வெச்சனுங்க. போர் போடற ரிக்கு வண்டிக்கு இன்னும் பெருசா வெப்பாங்க. அது நிக்காம ஓடுதுல்லொ?"

ரிக் வண்டி மூச்சு விடுகிற இடம் வேறு என்று விளக்க அவளுக்கு நேரமில்லை. கரண்டிக் காம்பால் சுரண்டினாள். பழைய பல்துலக்கியால் காற்றாடியைத் தேய்த்தாள். நூலை அறுத்து எடுத்தாள். அம்மாசி ஒவ்வொரு சந்தனச் சில்லையும் காகிதத்தில் பத்திரமாகச் சேர்த்தார், கால் படக்கூடாது என்று. அப்படியும் காற்றாடி பாதி வேகத்தில்தான் சுற்றியது. பக்கத் தகட்டைத் திறந்து போட்டு, எதிரில் மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தால் மட்டும் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. வியாழக்கிழமை சாயங்காலம் தொடங்கியது வெள்ளி காலையில் அவள் வந்தபோது முடிந்திருந்தது. திரையில் பன்னிரண்டாயிரமும் பச்சை அடையாளத்தோடு வரிசையாக நின்றன. அவள் அந்தப் பச்சையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பேராசிரியரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்த ஒருமுறை பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா, குடலைத் திறந்துபோட்டு விசிறி வைத்தபடியே இருக்கட்டுமா. பேராசிரியர் பட்டு வேட்டியில் இருந்தார். தாளாளர் சந்தனம் வைக்காமல் சைக்கிள் பெடலைக்கூட மிதித்ததில்லை என்றும், குடல் தெரியும்படி எதையும் அவர் முன்னால் வைக்க முடியாது என்றும் சொன்னார். பெட்டி மேசைமேல், மாலையோடு, முகப்புப் பெயர் கூட்டத்தைப் பார்க்க நிற்க வேண்டும். ஓடவும் வேண்டும். தோல்பையைத் தட்டிக் காட்டிவிட்டு வாசலுக்குப் போனார்.

வாசலில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. தேவிப்ரியா ஓடுகிற கம்ப்யூட்டரை விசிறியோடு மேசைக்கு அடியில் தள்ளி, திரையையும் கீபோர்டையும் மட்டும் மேலே விட்டு, மேசை விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டாள். மூலையில் கிடந்த வெறும் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். அதே பெட்டி, அதே சிவப்பு எழுத்து. பக்கத் தகடு சும்மா சாத்தியிருந்ததால் மாலையின் கனத்துக்குச் சரிந்தது. அம்மாசியின் திருப்புளியைப் பிடுங்கி நான்கு பக்கமும் திருகை முறுக்கி இறுக்கினாள். கடைசித் திருகு ஏறியபோது தாளாளர் உள்ளே வந்துவிட்டார்.

செங்கோடன் வெள்ளைச் சட்டையில் மெதுவாக நடந்து வந்து, வெள்ளிக் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து, பெட்டிக்கு மேலே, பக்கத்தில், பின்னால் என்று கஞ்சத்தனம் இல்லாமல் வைத்தார். தேவிப்ரியா வாழ்க்கையில் முதல்முறையாக யாராவது தாராளமாகச் சந்தனம் பூசுவதை நிம்மதியாகப் பார்த்தாள். அவர் கீபோர்டில் பட்டனைத் தட்டினார். திரை விரிந்து, கட்டுரைகள் அருவி மாதிரி ஓடின. கை தட்டினார்கள். மேசைக்கு அடியில் உர்ரென்று கேட்கிற சத்தம் என்ன என்று தாளாளர் விசாரித்தார்.

"சர்வருங்க," என்றாள் தேவிப்ரியா. அவர் புரிந்தவர் மாதிரி தலையாட்டினார்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். கடலைக் குடித்த முனிவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், ஒரு கடலையே பெட்டிக்குள் அடைத்த துறையை இன்றுதான் பார்க்கிறோம் என்றார். பெட்டியின் தலையில் அன்போடு தட்டினார். அது வெண்கலப் பானை மாதிரி சத்தம் போட்டது. சட்டென்று குரலை உயர்த்திச் சமாளித்துக்கொண்டு, இந்த வேள்வியில் துணைநின்ற மாணவி என்று அவளை முன்னால் அழைத்தார். எல்லோரும் பார்க்கத் தோல்பையைத் திறந்து படிவத்தை எடுத்து, பெட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளின் அடியில் ஈரச் சந்தனம் ஒட்டிக்கொண்டது. தேவிப்ரியா அதைத் துடைக்கவில்லை. இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்து, பைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

தாளாளருக்கு மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு அறிவு அடங்கிய பெட்டியைத் தூசி படிய மேசைமேல் விடுவதா என்றார். வாசலில் பரிசுக் கோப்பைகள் வைத்திருக்கிற கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்யச் சொன்னார்.

"அதுலயே இருக்கட்டுஞ் சாமி. போறவன் வாறவனெல்லாம் பாக்கட்டும்."

பேராசிரியருக்குக் கண் கலங்கியது. கம்ப்யூட்டரை அலமாரிக்குள் வைத்தால் எப்படி ஓட்டுவது என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் அதை ஓட்டப்போவதில்லை. தேவிப்ரியா வாயைத் திறந்தாள். பைமேல் இருந்த கை கனத்தது. வாயை மூடிக்கொண்டாள். அம்மாசி பெட்டியை மாலையோடு தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து போனார்.

"கடலு ரொம்ப லேசாத்தான் இருக்குதுங் அம்மிணி," என்றார் மெதுவாக. "உள்ளுக்குள்ள என்னுமோ உருளுதுங்க."

அலமாரி பூட்டப்பட்டது. சாவியைத் தாளாளர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். ஒடிசாவில் புதிதாக இறக்கிய வண்டியைப் பார்க்கப் போகிறார், திரும்ப மாசக் கடைசியாகும் என்று டிரைவர் சொன்னார். வெயில் நேராகக் கண்ணாடிமேல் அடித்தது. பெட்டியின் நெற்றியில் சந்தனம் அதற்குள் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. மணி ஒன்று, சாப்பாட்டு நேரம். தேவிப்ரியா அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

பெட்டிக்குள் அவளுடைய டப்பா இருந்தது. புளிச்சோறும் அவித்த முட்டை இரண்டும்.