நகராத கப்பலில் ஒரு காரமடை மாப்பிள்ளை

1

இந்தக் கதை வீம்பில் பிறந்தது. கோயம்புத்தூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு நண்பர் கேட்டுவிட்டார். தெரியாதுதான். கப்பலில் ஏறினால் வாந்தி எடுப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பேனாவைத் திறந்தேன்.

'1936ஆம் ஆண்டு, வங்கக் கடலில் ஒரு கப்பல் விரைந்து சென்றுகொண்டிருந்த—'

தப்பு. என் கப்பல் எங்கேயும் செல்லாது. அது விளக்குக் கப்பல்.

2

(விவரம் வேண்டாதவர்கள் மூன்றுக்குத் தாவலாம். பிறகு புரியவில்லை என்று சண்டைக்கு வரக் கூடாது.)

கலங்கரை விளக்கம் கட்டத் தரை வேண்டும். பெரிய ஆறுகளின் முகத்துவாரத்தில் இருப்பதோ மணல். இந்த வருஷம் இங்கே மேடு, அடுத்த வருஷம் வேறெங்கோ. அதனால் ஒரு கப்பலையே நங்கூரச் சங்கிலியில் கட்டிப்போட்டு, அதன் கொடிமரத்தில் பெரிய விளக்கை ஏற்றினார்கள். முதலில் தேம்ஸ் நதியின் வாயிலில், 1730களில். பிறகு பல தேசங்களில். கல்கத்தாவுக்கு வழிவிடும் ஹூக்ளியின் வாயிலிலும். மற்ற கப்பல்கள் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் மணல்திட்டை விட்டு ஒதுங்கிப் போகும். புயலில் எல்லாரும் ஓடி ஒளியும்போது இது மட்டும் இடத்தைவிட்டு அசையக் கூடாது.

ஒரு விதி உண்டு. சங்கிலி அறுந்து கப்பல் இடம் மாறிவிட்டால், அந்த விளக்கை உடனே அணைத்துவிட வேண்டும். இடம் தவறிய வெளிச்சத்தை நம்பி வருகிறவன் நேராக மணலில் ஏறிவிடுவான். வெளிச்சமே இல்லையென்றால் சந்தேகப்பட்டு நிற்பான். (பதிலுக்கு முன்னும் பின்னும் சிவப்பு விளக்கு காட்டுவார்கள். அதை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

இந்த விதியைப் படித்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

3

திருமூர்த்தி பருத்தி அரவை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். ஆலை மூடியதும், கல்கத்தாவில் இருந்த ஒரு சேக்காளியைப் பிடித்து விளக்குக் கப்பலில் விளக்கு பார்க்கும் வேலைக்குப் போய்விட்டான். (எங்கள் ஊர் ஆள் கடலுக்குப் போவானா? எனக்கே சந்தேகம்தான். பலமுறை அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிப் பார்த்தேன். மாட்டேன் என்கிறான்.)

விடுப்பில் வந்தபோது அவன் மனைவி பூவாத்தாள் ஏழாம் மாதச் சீர் முடிந்து காரமடையில் அப்பன் வீட்டில் இருந்தாள். பெருமையடித்துக்கொள்ளப் போய் அந்த விதியையும் சொல்லிவிட்டான்.

"வெளக்க அமத்தறதா?" அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "ஏனுங்க, நீங்க அமத்தாதீங்க. புள்ளத்தாச்சி ஊட்டுக்காரரு முடி கூட வெட்டக் கூடாதுங்கறாங்க. வெளக்க அமத்துனா ஆவுங்களா?"

"அதெல்லாம் எங்கூட வேல செய்யற சிக்கந்தர் பாத்துக்குவான் அம்மணி. நான் தொடமாட்டேன்."

"எந்தலமேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான்.

4

புயல். விளக்கேற்றி முடித்த நேரத்தில் சங்கிலி அறுந்தது. மற்றவர்கள் இன்னொரு நங்கூரத்தை இறக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு பயணிக் கப்பல் இந்த வெளிச்சத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சிக்கந்தர் தளத்தில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

'சிக்கந்தர் ஒற்றைக் கையால் ஏணியில் ஏறி—'

முடியாது. எத்தனை தடவை ஏற்றினாலும் கீழே வந்துவிடுகிறான்.

திருமூர்த்தி ஏறினான். விளக்குக் கூண்டின் கதவைத் திறந்தான்; மூடினான்; மறுபடி திறந்தான். பிறகு திரியை இறக்கி அணைத்துவிட்டான். வெளிச்சத்தைக் காணாமல் அந்தக் கப்பல் நின்றது; விடிந்ததும் பத்திரமாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த யாருக்கும் பூவாத்தாளைத் தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அதே வாரம் காரமடையில் குழந்தை அழாமலே பிறந்தது.

(இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரியும். பூவாத்தாளிடம் போய் இதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை.)

'குழந்தை வீரிட்டு அழு—' என்று எழுதியும் பார்த்தேன். குழந்தை அழுதால் அவள் எதையும் கேட்கமாட்டாள். அவனும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

5

செய்தி கிடைத்து திருமூர்த்தி காரமடை வந்து சேர்ந்தான். மாமனார் அரங்கசாமி வாசலிலேயே அவனை நிறுத்தினார்.

"வாங்க மாப்ள. புயல்ல உங்க கப்பல் வெளக்க அமத்திப்போட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துதுங்க. எம்புள்ள ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறா. நல்ல பதிலாச் சொல்லிக் கூட்டீட்டுப் போங்க. இல்லீன்னா அவ வரமாட்டா."

உள்ளே போனான். பூவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வெளக்க அமத்துனது ஆருங்க?"

'சிக்கந்தர்' என்று எழுதினேன். அவள் துணிமணியை எடுத்து வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்க அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிழித்தேன்.

'நான்தான் அம்மணி' என்று எழுதினேன். அவள் கை மேலே வந்தது. அடிக்கவா, அவனைப் பிடித்துக்கொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உண்டாக்கிய பெண், என்னிடமே சொல்லமாட்டேன் என்கிறாள்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. அவன் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். பச்சை உடம்புக்காரி, நின்றுகொண்டிருக்கிறாள்.