கட்டிலுக்குப் பித்தப்பைக் கல்

உள்ளங்கையில் சூடம் அணைத்துச் சொல்கிறேன். கீழே வருவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும்.

பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் கட்டிலுக்குத்தான்; ஆளுக்கு இல்லை. ஆள் இன்றைக்கு வருவான், நாளைக்குப் போவான். கட்டில் நிரந்தரம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பலவேசத்துக்கு மட்டும் தெரியாது.

அவர் நோயாளி இல்லை. பித்தப்பையில் கல்லோடு படுத்திருந்த ஐயம்பெருமாளுக்குத் துணையாக வந்தவர். ஐயம்பெருமாள் அவர் பெண்டாட்டியின் தம்பி. காலையில் அவன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான்.

“அத்தான், ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன். நீரு கட்டில்ல படுத்துக்கிடும். காலியாக் கெடந்தா எவனாவது வந்து விழுந்துருவான்.”

பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதில்லையா, அதுபோலத்தான். பலவேசம் துண்டுக்குப் பதில் தன்னையே போட்டார்.

நர்ஸ் ஊசியோடு வந்தார்.

“நான் கூட வந்தவன்மா.”

“கூட வந்தவருன்னா கட்டிலுக்கு அடியிலல்லா கெடக்கணும், அண்ணாச்சி? நீரு மேல கெடக்கேரு. திரும்பிப் படும்.”

ஊசி இறங்கியது. வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்து உட்கார்ந்து, “சௌக்கியமா அத்தான்?” என்றது. ஐயம்பெருமாளின் வலிதான்.

பிறகு டயட்டீஷியன் வந்து, பலவேசம் வாங்கி வைத்திருந்த பரோட்டாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். “கல் இருக்கற கட்டில்ல எண்ணெய்ப் பதார்த்தம் கூடாது.” சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட். சின்ன வயசுக்காரி.

“எந்திரிங்க. ஆபரேஷன் பண்ணவங்கள நடக்க வைக்கது என் வேல.”

“இன்னும் பண்ணலியேம்மா.”

“நாளைக்கு எனக்கு லீவு.”

நியாயம்தான். பலவேசம் நடந்தார். நடக்கிற சாக்கில் வாசல் பக்கம் நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பித்தப்பை அவருடையது. வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

ஆனால் நடக்க நடக்க வராந்தா நீண்டது. வாசல் தீப்பெட்டி அளவாயிற்று. பிறகு தீக்குச்சி அளவாயிற்று. எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்த பணியாளர் நின்றார்.

“என்னய்யா இது, வராந்தா முடியவே மாட்டேங்கு?” என்று பலவேசம் கேட்டார்.

“வராந்தாவைச் சுருட்டி வைக்கவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு, அண்ணாச்சி. அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடல. ஏறும்.”

“எனக்கு ஒண்ணும் இல்லய்யா.”

“அதச் சொல்லுதது டாக்டரு வேல. நமக்குத் தள்ளுதது மட்டுந்தான்.”

தியேட்டரில் மயக்க டாக்டர் கைராசிக்காரர். அவர் ஊசியைத் தூக்கிக் காட்டியதுமே விளக்கும் கடிகாரமும் தூங்கிவிட்டன. பலவேசம் மட்டும் முழித்திருந்தார். அறுவை டாக்டர் அவர் வயிற்றை டிரங்குப் பெட்டி மாதிரித் திறந்து, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார்.

“பை இருக்கு. கல்லு எங்கவே?”

“டீ குடிக்கப் போயிருக்கு, சார்.”

“கல்லு இல்லாம பையை எடுக்க முடியாதே.”

பலவேசத்துக்கு உயிர் வந்தது. “அப்ப மூடிருங்க சார். நான் கெளம்புதேன்.”

டாக்டர் மருந்தாளுநரைக் கூப்பிட்டார். அவர் நெல்லிக்காய் அளவில் ஒரு கல்லைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

“வெறும் வயித்துல ஒண்ணு. வெந்நீர்ல முழுங்கணும்.”

முழுங்கினார். வயிறு திறந்தே இருந்ததால் வெந்நீர் தரையில் கொட்டியது. அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன அம்மாள் வாசலில் நின்று, பலவேசத்தின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். கல் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பையை எடுத்தார்கள்.

கட்டில் குணமாகிவிட்டது என்று நர்ஸ் அறிவித்தார். கையில் ஒரு பாட்டில். அதற்குள் பித்தப்பை.

“இத வாங்கிக்கிடுததுக்குக் கூட வந்தவரு யாரு?”

“நான்தான்” என்று ஐயம்பெருமாள் கையைத் தூக்கினான். டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டான். வலி போன முகம் பளபளவென்று இருந்தது. பாட்டிலைத் தலைமாட்டில் வைத்து, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தான்.

“மச்சான், அது என் பை. குடுத்துருடே.”

“சும்மா கெடயும் அத்தான். கூட வந்தவன் படுத பாடு ஒமக்கு எங்க தெரியும்?”

இத்தனைக்கும் பலவேசத்துக்கு இன்றுவரை கல்யாணமே ஆகவில்லை. என் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.